நடந்தால் மூளை தெளியுமா? கல்லீரல் தொற்று உள்ளவர்களின் கேள்விகள்

எனக்கு ஹெபடைடிஸ் சி. கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ் இல்லை என்கிறார்கள். ஆனால் படித்த பக்கத்தையே மறுபடி படிக்கிறேன். பேசும்போது சொல் தொண்டையில் நிற்கிறது, வாயில் வரமாட்டேன் என்கிறது. நடைப்பயிற்சி உதவுமா?

முதலில் ஒன்று: இது உங்கள் கற்பனை இல்லை. கல்லீரல் ஓரளவு நன்றாக வேலை செய்யும்போதே கவனம் சிதறுவதும் அசதியும் ஹெபடைடிஸ் சி உள்ள பலருக்கு வருகின்றன. வைரஸ் கிளப்பிவிடும் நீண்டநாள் அழற்சி, கெட்டுப்போன தூக்கம், மனச்சோர்வு எல்லாம் இதில் சேர்ந்திருக்கும். தைராய்டு, சர்க்கரை, பி12 மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவற்றில் கோளாறு இருந்தாலும் இதே மந்தம்தான் வரும்.

நடைக்கு முன்னால் வைரஸை ஒழியுங்கள். இப்போதுள்ள மாத்திரைகளை 8 அல்லது 12 வாரம் சாப்பிட்டால், நூற்றில் 95 பேருக்கு மேல் வைரஸ் போய்விடுகிறது. இதைத் தள்ளிப்போட்டுவிட்டு நடையை மட்டும் நம்ப வேண்டாம்.

சரி, நடை என்ன செய்யும்? 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் 120 முதியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். வாரம் 3 நாள், 40 நிமிடம் வரை நடந்தவர்களுக்கு, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி ஒரு வருடத்தில் சுமார் 2 சதவீதம் பெரிதானது. உடலை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சற்றுச் சுருங்கியது. அவர்கள் கல்லீரல் நோயாளிகள் அல்ல, அதனால் உங்களுக்கும் அதே கணக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடந்தால் தூக்கம் சீராகும், மனநிலை தேறும், மூளைக்கு ரத்த ஓட்டம் கூடும். 10 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 150 நிமிடம் வரை மெதுவாகக் கொண்டுபோங்கள்.

ஹெபடைடிஸ் பி இருந்தால் உடம்பை அலட்டக் கூடாது, ஓய்வுதான் மருந்து என்கிறார்களே?

உடம்பு முடியாமல் படுத்திருக்கும் மஞ்சள் காமாலை நாட்களுக்கு அது பொருந்தும். ஆண்டுக்கணக்கில் இருக்கும் தொற்றுக்குப் பொருந்தாது. மிதமான நடையால் வைரஸ் பெருகாது. வியர்வையால் இது பிறருக்குப் பரவுமோ என்றும் கவலை வேண்டாம். ரத்தம்தான் ஆபத்து. காயம் இருந்தால் மூடிக்கொண்டு போங்கள்.

என் கணவருக்குத் தொற்று முற்றி சிரோசிஸ் ஆகிவிட்டது. பகலில் தூங்கி இரவெல்லாம் விழித்திருக்கிறார். கையெழுத்தும் மாறிவிட்டது. தினமும் காலையில் நடக்க வைக்கலாமா?

அம்மா, இப்போதைக்கு நடக்க வைக்க வேண்டாம். இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். குடலில் உருவாகும் அம்மோனியா என்ற நச்சைக் கல்லீரல் யூரியாவாக மாற்றி வெளியேற்ற வேண்டும். சிரோசிஸில் அது தப்பித்து மூளைக்குப் போகிறது. பகல்-இரவு மாறுவது அதன் ஆரம்ப அடையாளம். மலச்சிக்கல், நீர் வற்றுதல், கிருமித்தொற்று, தூக்க மாத்திரை, உள்ளே ரத்தக்கசிவு என ஏதோ ஒன்று தூண்டியிருக்கலாம். மலம் கருப்பாகப் போனாலும், எழுப்பினால் குழம்பிப் பேசினாலும் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

கையெழுத்தைக் கவனித்தீர்களே, அது பெரிய விஷயம். ஒரு நோயாளியின் மனைவி கணவரைத் தினமும் ஒரே வரியை எழுத வைத்து, அந்த நோட்டை என்னிடம் கொண்டுவந்தார். முதல் வாரம் எழுத்துகள் கோட்டின் மேல் நின்றன. பிறகு கோட்டுக்குக் கீழே சரிந்தன. கடைசிப் பக்கத்தில் ஒற்றைப் புள்ளி வைக்க மூன்று முயற்சி தெரிந்தது. ரத்தப் பரிசோதனைத் தாளைவிட அந்த நோட்டு எனக்கு அதிகம் சொன்னது. நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழப்பம் தெளிந்த பிறகு நடை அவருக்கு மருந்து மாதிரிதான். தசை அம்மோனியாவைப் பிடித்துக் குளூட்டமைன் என்ற வேறொரு பொருளாக மாற்றும். கல்லீரல் விட்டுவிட்ட வேலையில் ஒரு பங்கைத் தசை எடுத்துக்கொள்கிறது. தசை கரைந்தால் மூளைக்கும் ஆபத்து. அதனால்தான் பயந்துபோய் புரதத்தைக் குறைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். படுக்கப் போகுமுன் சிறிது சாப்பிடட்டும், வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் மருந்தைக் கொடுத்தால், ஒரு நாளைக்கு 2 அல்லது 3 முறை இளக்கமாகப் போகும் அளவுதான் சரி.

நடையைத் தொடங்குமுன் உணவுக்குழாயில் ரத்தக்குழாய் வீக்கம் இருக்கிறதா என்று எண்டோஸ்கோபியில் பார்த்துவிட வேண்டும். மூச்சை அடக்கிக் கனமான எடை தூக்குவது கூடாது. வாகனம் ஓட்ட விடாதீர்கள். அப்புறம், முதல் சில வாரம் நீங்களோ வேறு யாரோ கூடவே நடங்கள்.

புரோபிரனலால் சாப்பிடுகிறேன். எவ்வளவு வேகமாக நடந்தாலும் இதயத் துடிப்பு ஏறவில்லை. பயிற்சி பலிக்கவில்லையா?

பலிக்கிறது. துடிப்பைக் குறைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை, அதனால் கைக்கடிகாரத்தில் வரும் எண்ணைப் பார்க்காதீர்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். தலை சுற்றினால் உட்கார்ந்துவிடுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.