சாட்டிஸ்ஃபை என்றால் திருப்திப்படுத்துவது மட்டும்தானா?

'சாட்டிஸ்ஃபை என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குத் தமிழில் ஒரே சொல் வேண்டும், அது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லுங்கள்' என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ மொழிபெயர்ப்பில் மாட்டிக்கொண்டு கேட்கிறீர்கள் போலிருக்கிறது. ஒரே சொல் கிடைக்காது. அந்தச் சொல்லால் சூடுபட்டவன் சொல்கிறேன்.

மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கடன் ஒப்பந்தம் கைக்கு வந்தது. கடனோடு சேர்ந்து இந்த வினைச்சொல். நான் யோசிக்கவே இல்லை. 'கடனை முழுமையாகத் திருப்திப்படுத்திய பிறகு அடமானம் விடுவிக்கப்படும்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். சரிபார்த்தவர் அந்த இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, ஓரத்தில் 'கடனுக்கு மனசு இருக்கிறதா?' என்று கேட்டிருந்தார். கடனைத் தீர்ப்பது என்று யாரும் சொல்வார்களே, எனக்கு அது வரவில்லை. காது சூடாகிவிட்டது.

அப்புறம்தான் அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் 'சாட்டிஸ்' என்றால் போதுமான அளவு, 'ஃபகெரே' என்றால் செய்வது. போதுமான அளவு செய்து முடிப்பது, அவ்வளவுதான். மனமோ மகிழ்ச்சியோ அதில் இல்லை. பழைய பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் பாவத்துக்குப் பரிகாரம் செய்வது, கடனை அடைப்பது, நிபந்தனையை நிறைவேற்றுவது என்றெல்லாம்தான் பொருள். மானம் போனதென்று கைத்துப்பாக்கியோடு நேருக்கு நேர் நின்றவர்கள் எதிராளியிடம் கேட்டதும் இதன் பெயர்ச்சொல்லான 'சாட்டிஸ்ஃபாக்‌ஷ'னைத்தான், அதாவது போன மானத்துக்கு ஈடு. எல்லாமே கணக்குத் தீர்க்கிற வேலை.

அதனால் கடன் என்றால் தீர்ப்பது, நிபந்தனை என்றால் பூர்த்தி செய்வது, பசி என்றால் ஆற்றுவது. எக்ஸுக்கு 3 போட்டால் சமன்பாடு நிறைவு பெறும். நீதிபதி 'சாட்டிஸ்ஃபைட்' என்றால் ஆதாரம் போதுமென்று நம்பிவிட்டார், மனம் குளிர்ந்துவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள். ஆளுக்கு மட்டும்தான் திருப்தி.

இன்னொன்று, சோகத்தைக் குறிக்கும் 'ஸேட்' என்ற ஆங்கிலச் சொல்லும் 'சாட்டிஸ்'ஸுக்குப் பங்காளிதான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு வயிறு நிரம்பியவன் என்று பொருள். நிரம்பி, கனத்து, கடைசியில் சோகமாகிவிட்டது.

'திருப்தி வடசொல் ஆயிற்றே, நிறைவு என்று எழுதினால் என்ன' என்று யாராவது வருவீர்கள். தாராளமாக எழுதுங்கள், எனக்குச் சண்டை இல்லை. நான் மொழியியல் படித்தவனும் இல்லை, சொல்லுக்கு இவ்வளவு என்று வாங்கிப் பிழைக்கிறவன்.

அந்தக் கூலியும் ஒழுங்காக வருவதில்லை. போன வருடம் ஒரு நிறுவனம் 'வாடிக்கையாளருக்குத் திருப்தி இல்லை' என்று ஒற்றை வரி அனுப்பிவிட்டுப் பாதிப் பணத்தைப் பிடித்துக்கொண்டது. எங்கே பிழை என்று கேட்டேன், பதில் இல்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் என் மொழிபெயர்ப்பு ஓர் எழுத்துகூட மாறாமல் அச்சாகியிருக்கிறது. லத்தீன் கணக்குப்படி அவர்கள்தான் இன்னும் என்னை சாட்டிஸ்ஃபை செய்யவில்லை. மூன்று முறை நினைவூட்டினேன். வந்தது ஒரு படிவம்: 'எங்களுடன் பணியாற்றியதில் உங்களுக்கு எத்தனை நட்சத்திரம் திருப்தி?' ஒன்று போட்டு அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை.