வாசகர் கேள்விகள்: ரிவால்வருக்கு எவ்வளவு கரிமருந்து?

கேள்வி: அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டெக்சாஸில் வசிக்கும் என் மருமகன், 1860ஆம் ஆண்டின் கோல்ட் ஆர்மி ரிவால்வருடைய புதிய நகல் ஒன்றை வாங்கி, அங்குள்ள சுடும் மைதானத்தில் பழகி வருகிறார். சிலிண்டரின் ஒவ்வோர் அறையிலும் (மருந்தும் குண்டும் இடும் குழியிலும்) கொள்ளும் மட்டும் கரிமருந்தை நிரப்ப வேண்டும் என்று ஒருவரும், 20 கிரெய்ன் (சுமார் 1.3 கிராம்) போதும் என்று மற்றொருவரும் அவரிடம் சொல்கிறார்களாம். எது சரி? புகையில்லா மருந்தைக் கொஞ்சமாகப் போட்டால் கரி படியாதே என்றும் கேட்கிறார். (குன்னூர் வாசகர்)

பதில்: உங்கள் மருமகனின் கடைசிச் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். இந்த ரிவால்வரில் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது. நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் கலந்த கார்டைட்டின் வேகம் உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த இனத்து மருந்து, கரிமருந்தை விடப் பல மடங்கு அழுத்தத்தை எழுப்பக்கூடியது. கரிமருந்துக்கென்று கணக்கிட்டுச் செய்த சிலிண்டர் அதைத் தாங்காமல் கையிலேயே வெடித்துச் சிதறும். இன்றே தொலைபேசியில் அழைத்து இதைச் சொல்லிவிடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, இருவர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. எஃகுச் சட்டம் (உடற்கூடு) கொண்ட 0.44 அங்குல ஆர்மி ரகத்துக்கு 25 முதல் 30 கிரெய்ன் வரையும், 0.36 அங்குல நேவி ரகத்துக்கு 20 கிரெய்னை ஒட்டியும் போடுவது வழக்கம். பித்தளைச் சட்டம் உள்ள நகல்களுக்கு இதைவிடக் குறைவாகவே போட வேண்டும், ஏனென்றால் பித்தளை நாளடைவில் நெகிழ்ந்து இடைவெளி விட்டுவிடும். இவை பொதுவான அளவுகள்தாம். தயாரித்த நிறுவனத்தின் கையேடு வேறு உச்ச வரம்பு சொல்லுமானால் அதையே பின்பற்ற வேண்டும். நம் பழைய கணக்கில் ஒரு தோலா என்பது 180 கிரெய்ன். ஆகவே 30 கிரெய்ன் என்பது தோலாவில் ஆறில் ஒரு பங்கு, இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு.

அந்த கிரெய்ன் கணக்கைத் தராசில் பார்க்காமல் அளவுக் குவளையில் பார்க்க வேண்டும் என்பது முக்கியம். கரிமருந்தைப் பொறுத்தவரை குவளையின் எண்ணும் தராசின் எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் எடை குறைந்தவை. 30 கிரெய்ன் என்று தராசில் நிறுத்துக் கொட்டினால், குவளை அளவுப்படி 30-ஐத் தாண்டிவிடும். டிரிபிள் செவன் என்ற மாற்று மருந்து இன்னும் வேகமானது என்பதால், குவளை அளவிலேயே 15 சதவீதம் குறைக்கும்படி அதன் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள்.

அளவைக் குறைக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: மருந்துக்கும் ஈயக்குண்டுக்கும் நடுவே காற்றிடம் இருக்கவே கூடாது. குண்டு மருந்தின் மேல் அழுந்தி உட்கார வேண்டும். 20 கிரெய்ன் போட்டுக் குண்டை அழுத்தினால் அது அறையின் அடியாழத்துக்குப் போய்விடும். அங்கிருந்து குழலின் வரிப்பள்ளங்களைப் பிடிப்பதற்குள் வெறும் வெளியில் பாய வேண்டியிருப்பதால் குறி சிதறக்கூடும். அதனால்தான் குறைந்த அளவு போடுகிறவர்கள், மருந்தின் மேல் சோளமாவையோ ரவையையோ இட்டு, குண்டை அறையின் வாய்க்கு அருகில் நிறுத்துகிறார்கள். நம் வீட்டு உப்புமா ரவையே அதற்குப் போதும். மாறாக மருந்து மிகுந்து, குண்டு அறைக்கு வெளியே துருத்தி நின்றால் சிலிண்டர் சுழலாது.

நண்பர் ஒருவரின் மைதானத்தில் இதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். குண்டு அறையைவிட மயிரிழை பெரியது, 0.44 ரகத்துக்கு 0.454 அங்குலக் குண்டு. நெம்புகோலை இழுத்து அழுத்தியதும், நகம் வெட்டிய துண்டைப் போல மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவப்பட்டு மேசையில் விழுந்தது. அந்த வளையம் முழு வட்டமாக விழுந்தால் குண்டு அறையை அடைத்துக்கொண்டது என்று பொருள். அது விழாவிட்டால், பக்கத்து அறையின் தீப்பொறி உள்ளே புகுந்து பல அறைகள் ஒருசேர வெடிக்கும் ஆபத்து இருக்கிறது. பின்புறக் காம்புகளில் கேப் (சுத்தியல் அடித்ததும் தீப்பொறி எழுப்பும் சிறு மூடி) தளர்ந்திருந்தாலும் இதே ஆபத்துதான்.

மருமகன் 22 கிரெய்னில் தொடங்கி, ஒவ்வோர் அளவிலும் ஆறு குண்டுகள் சுட்டு, இரண்டிரண்டு கிரெய்னாக, கையேட்டின் வரம்பைத் தாண்டாமல், கூட்டிப் பார்க்கட்டும். காகிதத்தில் துளைகள் எந்த அளவில் நெருங்கி விழுகின்றனவோ, அதுவே அவருடைய ரிவால்வருக்கு உரிய அளவு. பெரும்பாலும் அது அறை நிறையும் அளவுக்கு வெகு கீழேயே அமைந்துவிடும். அறை கொள்ளும் மட்டும் போடுவதில் பெருமை காண்பவர்களுக்கு 1847ஆம் ஆண்டின் கோல்ட் வாக்கரை நினைவூட்ட விரும்புகிறேன். அதன் ஒவ்வோர் அறையும் 60 கிரெய்ன் கொண்டது. சிலிண்டர்கள் பல வெடித்தன. வெடிக்காதவற்றிலும் உதைப்பின் வேகத்தில் நெம்புகோல் தானே கீழே விழுந்து சிலிண்டரைச் சிக்க வைத்ததால், சிலர் அதைத் தோல் வாரால் கட்டி வைத்தார்கள். மறு ஆண்டே கோல்ட் நிறுவனம் சிலிண்டரைக் குறுக்கி, 50 கிரெய்ன் அளவில் டிராகூன் ரிவால்வரைக் கொண்டுவந்தது.

கேள்வி: மலையில் காற்றின் அடர்த்தி குறைவு, ஈரமும் அதிகம். இங்கே மருந்தைக் கூட்டிப் போட வேண்டியிருக்குமா? (உதகை வாசகி)

பதில்: வேண்டாம். உதகை ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி சமவெளியை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவுதான். ஆனால் கரிமருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள் இருக்கும் வெடியுப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வெளிக்காற்றை நம்பி அது எரிவதில்லை.

ஈரத்தின் பாதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. கரிமருந்து எரிந்தபின் அதில் பாதிக்கும் மேலானது திடப்பொருளாகவே தங்கிவிடுகிறது, அந்தக் கசடு ஈரத்தை உறிஞ்சும். மூடுபனி நாளில் அது களிபோல் இளகியிருப்பதால் சிலிண்டர் நெடுநேரம் தடையின்றிச் சுழலும். காய்ந்த பிப்ரவரிக் காற்றிலோ ஓடாக இறுகிவிடும். ஆனால் அந்த ஈரமே ஒரே இரவில் துருவையும் பிடிக்க வைத்துவிடும் என்பதால், சுட்ட அன்றே வெந்நீரில் கழுவித் துடைத்து எண்ணெய் பூச வேண்டும்.

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே உள்ள எங்கள் ஹட்டியில், எஸ்டேட் பங்களாவில் வேலை செய்த கொள்ளுத்தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய ரிவால்வரும் செம்பு மருந்துக் குடுவையும் கிடைத்தன. குடுவையின் மூக்கு அளவுக் குழாய் போலத் தெரிகிறது. அதைக் கொண்டு அந்தக் காலத்து அளவை அறியலாமா? (கோத்தகிரி வாசகர்)

பதில்: அறியலாம். மூக்கின் வாயை விரலால் மூடி, குடுவையைக் கவிழ்த்து, விசையை அமுக்கிவிட்டால், அந்த மூக்குக் கொள்ளும் மருந்தே ஒரு வேட்டுக்கான அளவு. இன்று மைதானங்களில் குடுவையிலிருந்து நேராக அறையில் கொட்டுவதில்லை. அறையில் தங்கிய கங்கு ஒன்று குடுவை முழுவதையும் பற்ற வைத்துவிடும் என்பதால் தனிக் குவளையில் அளந்தே இடுகிறார்கள்.

ஆனால் நீங்கள் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். ஈரம் படாத கரிமருந்து நூறு ஆண்டு கடந்தும் வீரியம் இழக்காது. கொள்ளுத்தாத்தா கடைசியாக இட்ட மருந்து அறைகளிலேயே இருக்கலாம். சுத்தியலை இழுத்துப் பார்க்காதீர்கள், கேப் ஒட்டியிருந்தால் பிடுங்க முயலாதீர்கள், அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், எந்த வகையிலும் சுடப் பயன்படாத பழம்பொருளுக்குத்தான் விலக்கு அளிக்கிறது. பழுது நீக்கிச் சுடக்கூடியது என்றால் உரிமம் தேவை. அது எந்த வகை என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்து, அந்த அறையைப் பூட்டிவிட்டு, காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். அவர்கள் வந்து எடுக்கும்போது குடுவையையும் மறக்காமல் காட்டுங்கள், அதற்குள்ளும் மருந்து இருக்கலாம்.