மலையே இல்லாத ஊரா?

அன்புள்ள ஐயா,
உட்லண்ட்ஸில் வசிக்கிறேன். ஐந்து வருடங்களாக வாட்டர்கலரில் மலைகள் வரைகிறேன், எல்லாம் புகைப்படம் பார்த்துத்தான். அது தவறா? சிங்கப்பூரில் மலையே இல்லை. காட்டு மலையின் வனப்பு மனத்தில் ஊற, டிசம்பரில் பத்து நாள் இமயமலை போகவா, மலேசியாவின் கினபாலு மலை போதுமா?
ஒரு வாசகர்

தம்பி,

புகைப்படம் பார்த்து வரைவதில் குற்றமில்லை, அதை விடுங்கள். எங்கே போவது என்பதை உங்கள் லீவும் கையிருப்பும் சொல்லும். 'சிங்கப்பூரில் மலையே இல்லை' என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. புக்கிட் தீமா 164 மீட்டர்தான், சரி. அங்கே ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருக்கிறீர்களா? உச்சிப் பாறை முன் படம் எடுத்துவிட்டு இறங்குவதைச் சொல்லவில்லை.

அப்பா அந்த அடிவாரத்தில் ஒரு கல் குவாரியில் வேலை பார்த்தார். பள்ளி விடுமுறையில் சாப்பாட்டுத் தூக்கோடு நான் போவேன். எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் அப்பாவின் இமைமுடியில் படிந்த கல்தூசிதான். ஒருநாள் மழை விட்டதும், வெட்டிய பாறையைக் காட்டி "என்ன நிறம் சொல்லு" என்றார். சாம்பல் என்றேன். "நல்லா பாரு." கிட்டே போனேன். ஈரத்தில் இளஞ்சிவப்பு, நடுவே கறுப்புப் புள்ளிகள், கண்ணாடித் தூள்போல ஒரு மினுக்கம். "காஞ்சா வேற மாதிரி இருக்கும்" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே. தூரிகையைத் தொட்டே பார்க்காத மனிதர். எத்தனை வருடம் பார்த்திருந்தால் அந்தக் கண் வந்திருக்கும்!

பிரெஞ்சு ஓவியர் செசான் தன் ஊருக்குப் பக்கத்து சேன்ட் விக்துவார் மலையை 80 தடவைக்கு மேல் வரைந்தார். அது ஆயிரம் மீட்டர் சொச்சம்தான். 1906 செப்டம்பரில் மகனுக்கு எழுதிய கடிதத்தில், இந்த ஆற்றங்கரையில் இடம் மாறாமல் கொஞ்சம் வலப்பக்கம், கொஞ்சம் இடப்பக்கம் திரும்பினாலே மாதக்கணக்கில் வேலை இருக்கிறது என்கிறார். அடுத்த மாதம் வெளியே வரைந்துகொண்டிருந்தபோது மழையில் மாட்டி மயங்கி விழுந்தார், சில நாட்களில் போய்ச் சேர்ந்தார். அறுபத்தேழு வயதிலும் அந்த மனிதருக்கு அந்த இடம் தீரவில்லை. உங்களுக்குப் பத்து நாளில் இமயமலை தீர்ந்துவிடுமா? குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறாரே, அது சுற்றுலா வந்தவன் போடுகிற பட்டியலா?

இமயமலைக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதற்கு முன்னால், மழை விட்ட ஒரு காலையில் புக்கிட் தீமா அடிவாரத்து ஹிண்டீட் குவாரிக்குப் போங்கள். இப்போது அது குளம், எதிரே வெட்டுப்பாறை நிற்கும். கேமராவை வீட்டில் வைத்துவிடுங்கள். ஈரம் காயும்போது பாறை முதலில் எந்த இடத்தில் நிறம் மாறுகிறது என்று மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.