இம்மானுவேல் லோவ் என்ற ரப்பியைச் செடிகொடிகளோடு சேர்த்து நினைவுகூர்வது ஏன்?

ரப்பி என்றால் யூத சமய குரு. ஹங்கேரியின் செகெட் நகர ரப்பியான லோவ் (1854–1944), 'யூதர்களின் தாவரங்கள்' என்ற ஜெர்மன் நூலை 4 தொகுதிகளாக எழுதியவர்.

குருவுக்குச் செடியோடு என்ன வேலை? எந்தப் பயிர்களைக் கலந்து விதைக்கக் கூடாது, பாஸ்கா என்ற யூதப் பண்டிகை விருந்துக்கு எந்தக் கசப்புக் கீரை ஆகும் என்றெல்லாம் யூதச் சட்டம் சொல்கிறது. பழைய எபிரேய, அரமேயப் பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்று தெரியாவிட்டால் சட்டத்தை எப்படிப் பின்பற்றுவது? பாட்டியின் சமையல் குறிப்பில் இருக்கும் கீரைப் பெயர் வீட்டில் யாருக்கும் புரியாமல் போவது மாதிரிதான்.

செகெட்டில் 1903-இல் திறக்கப்பட்ட யூதத் தொழுகைக்கூடத்தின் அலங்காரத்திலும் அவர் யோசனைப்படி விவிலியச் செடிகள் பூத்திருக்கின்றன. கல்வெட்டைவிட அழகான நினைவுச்சின்னம் என்பேன்.

அப்புறம், அவரைக் காடு சுற்றிய தாவரவியலாளர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் முக்கியமாகத் தேடியது சொற்களை.