கொழுக்குமலை ஜீப்பும் தேக்கடிக் காடும்: சுற்றுலாக் காசு யார் கைக்குப் போகிறது?

கேரளத்தில் மூணாறு பக்கம் இருக்கும் சூரியநெல்லியில் பல வருஷமாக ஜீப் ஓட்டுகிறேன். மலைச் சுற்றுலாவை நம்பிப் பிழைப்பது பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

போடியிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, கொழுக்குமலை தேனி மாவட்டம். வருமானம் மட்டும் ஏன் கேரளத்துக்கு?

ஜீப் ஏறும் பாதை சூரியநெல்லிப் பக்கம் இருக்கிறது தம்பி. தமிழ்நாட்டுப் பக்கம் குரங்கணியிலிருந்து நடைபாதைதான். விடியல் பார்க்க இருட்டிலேயே கிளம்ப வேண்டும் என்பதால் வருகிறவர் முந்தின ராத்திரியே இங்கே தங்கிவிடுகிறார். அறை வாடகை, புரோட்டா, மூன்றரை மணிக்குப் பாய்லர் பற்றவைக்கும் டீக்கடை எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. மேலே போகும் வழி முழுக்கக் கல். ஸ்பிரிங் பட்டை ஒடியும், டயர் கிழியும். என் வாடகையில் கணிசமான பங்கு பட்டறைக்கும் பஞ்சர் கடைக்கும்தான் போகிறது. அவர்களும் இந்த ஊர்க்காரர்களே.

எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒரு அக்கா: பையன் கொழுந்து வேலைக்கு வர மாட்டேன் என்கிறான். கடன் வாங்கி ஜீப் எடுத்துத் தரலாமா?

இப்போதே வேண்டாம் அக்கா. 2018 ஞாபகம் இருக்கிறதா? 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி. கூட்டம் குவியும் என்று எல்லோரும் காத்திருந்தோம். ஆகஸ்டில் வெள்ளம் வந்து மூணாறு ரோடெல்லாம் உடைந்தது. ஜீப் நின்றாலும் தவணை நிற்காது. பையன் முதலில் ஒரு வருஷம் வேறொருவர் வண்டியை ஓட்டட்டும். மழை மாதங்களில் கையில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

கம்பத்திலிருந்து ஒருவர்: தேக்கடியில் காட்டைத் திருடியவர்களே வழிகாட்டி ஆனார்கள் என்பது நிஜமா?

நிஜம். எனக்குப் பெருமையான விஷயமும்கூட. வயணப் பட்டை என்னும் காட்டு லவங்கப்பட்டையை உரித்துக் கடத்தியவர்கள் அவர்கள். 1990களின் பிற்பகுதியில், தேக்கடி அடங்கிய பெரியாறு புலிகள் காப்பகத்தின் வனத்துறை அவர்களைச் சூழல் மேம்பாட்டுக் குழுவாகச் சேர்த்தது. பயணிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போய் முகாமில் தங்க வைப்பது அவர்கள் வேலையானது. யானைத்தடமும் ஒளிந்து போகும் பாதையும் அவர்களுக்கு அத்துபடி; கடத்தலுக்குப் பயன்பட்ட அதே அறிவு காவலுக்கு வந்தது. மன்னான், பளியர் பழங்குடி மக்களும் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். 2002 முதல் வசந்தசேனை என்ற பெண்கள் குழு கூலி வாங்காமல் காட்டில் ரோந்து போகிறது. காடு இருந்தால்தான் தேக்கடியை ஒட்டிய குமுளியில் அடுப்பு எரியும் என்று தெரிந்த பெண்கள் அவர்கள்.

மதுரையிலிருந்து ஒரு மாணவி: குரங்கணியில் மறுபடி மலையேறலாமா?

2018 மார்ச் 11 காட்டுத்தீயில் 23 உயிர்கள் போயின. அதன்பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளுக்கு ஆன்லைன் முன்பதிவு தொடங்கியது. கூட வருவது உள்ளூர் வழிகாட்டிகள். தீக்காலத்தில் பாதைகளை மூடுவார்கள். அனுமதி இல்லாமல் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள் அம்மா.

சென்னையிலிருந்து ஒருவர்: ஊருக்கு உதவும்படி எப்படி வருவது?

சனி, ஞாயிறில் ஜீப் கிடைக்காமல் திண்டாடுகிறீர்கள். முடிந்தால் செவ்வாய், புதனில் வாருங்கள். அன்றைக்கு நாங்கள் வரிசையில் சும்மா நிற்கிறோம்.