நெல்லின் ஈரப்பத வரம்பைத் தளர்த்த டெல்லி அனுமதி எதற்கு?

திருவாரூர்ப் பக்கம் கொள்முதல் நிலைய வாசலில் நெல் நனைந்து கிடக்க, டெல்லிக்கு எதற்குக் கடிதம் என்று கேட்கிறீர்கள். மூட்டை பிடிப்பது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம்தான். ஆனால் வாங்குவது மத்தியத் தொகுப்புக்காக, அதாவது மத்திய அரசின் தானியக் கையிருப்புக்காக. ஆதார விலையும் 17 சதவீத ஈரப்பத வரம்பும் மத்திய அரசு வகுப்பவை. மீறி வாங்கினால் செலவு மாநிலத்தின் தலையில் விழும். அதனால்தான் மழை கொட்டியதும் மாநிலம் தளர்வு கேட்கிறது, மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கிறது. 2023 பிப்ரவரியில் 22 கேட்டார்கள், 20 கிடைத்தது. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலைத் தருவது கிராம நிர்வாக அலுவலர். பல ஊர்களில் நெல் கொட்டும் இடம் ஊராட்சியுடையது. இத்தனை கைகள் கூடுவதற்குள் தார்ப்பாய்க்கு அடியில் வெள்ளையாய் முளை எட்டிப்பார்த்துவிடும். என்னைக் கேட்டால், ஓரிரு சதவீதம் தளர்த்தும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியரிடமே விட்டுவிடலாம்.