சுவரில் படம் மாட்டத் தெரிந்த நாயகி

கேள்வி: எனக்கு 26 வயது. யாழ்ப்பாணத்தில் ஓர் ஓவியக்கூடம், ஒரு கோடை, அங்கே வேலை செய்கிற பெண், கனடாவிலிருந்து வரும் ஓவியர். இப்படி இலகுவான காதல் நாவல் ஒன்று எழுதுகிறேன். மூன்று அத்தியாயம் வாசித்த அண்ணா, “இவ்வளவும் நடந்த ஊரில இப்ப இதுவா தேவை? இது எங்கட ஊர் மாதிரியும் இல்லை” என்கிறார். நிறுத்திவிடட்டுமா? முடிவில் இருவரையும் சேர்த்து வைக்கலாமா?
ம., கொக்குவில்

பதில்: அன்புள்ள தங்கச்சி, நிறுத்த வேண்டாம். அண்ணா சொன்னதில் முதலாவது பிழை, இரண்டாவது சரி. நீங்கள் அனுப்பிய அத்தியாயங்களை இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

1914இல் யாழ்ப்பாணத்து எழுத்தாளர் மங்களநாயகம் தம்பையா ‘நொறுங்குண்ட இருதயம்’ நாவலை எழுதியபோது எடுத்துக்கொண்டதும் ஒரு பெண்ணின் கலியாண வாழ்க்கையைத்தான். வீட்டுக்குள் இருக்கிற மனசை எழுதுவது எங்களுக்குப் புதிதல்ல. இங்கே பிறந்த பிள்ளை காதலையும் பகிடியையும் எழுதக்கூடாது என்றால், பட்ட துன்பத்துக்கு மேல் இன்னொரு தண்டனை அல்லவா அது? 1995 இடப்பெயர்வில் சுவரில் மாட்டிய படங்களை அப்படியே விட்டுவிட்டு நடந்தோம். திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் படம் இல்லை. அது தொங்கிய இடம் மட்டும் நிறம் மங்காமல் ஒரு சதுரமாகத் தெரிந்தது. அம்மா கனகாலம் அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்க விடவில்லை. உங்கள் கதையில் அப்படியொரு சதுரம் ஒரு வரியில் வந்து போகட்டும். காதல் அதனால் பாரமாகிவிடாது.

இனி இரண்டாவது. உங்கள் கூடத்தில் கண்ணாடிச் சுவர், குளிரூட்டி, மெல்லிய இசை. எந்த ஊரிலும் இருக்கக்கூடிய கூடம். அதை நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய ஒரு நாற்சார் வீட்டுக்கு மாற்றிப் பாருங்கள். முற்றத்தால் வெளிச்சம் இறங்கும், பின்னேர வெயில் ஒரு பக்கச் சுவரில் ஏறும். நீர்வண்ணப் படத்தில் நேர் வெயில் பட்டால் நிறம் வெளிறிப்போகும். ஆகவே நாலு மணிக்கு முன் அவள் ஓடிப்போய்த் திரையை இழுத்துவிட வேண்டும். பழைய சுண்ணாம்புச் சாந்தில் ஆணி அடித்தால் பொரிந்து கொட்டும். கூரை வளையோடு மரச்சட்டம் பூட்டி, கம்பியில்தான் படத்தைத் தொங்கவிடலாம். படத்தின் நடு, தரையிலிருந்து ஏறத்தாழ 145 சென்ரிமீற்றரில் வந்தால் நிற்பவரின் கண்ணுக்கு நேராக இருக்கும். ஒரு பக்கத்தை அவள் பிடிக்க, மற்றப் பக்கத்தை அவர் பிடிக்க, மட்டம் பார்க்கிற குழாய்க்குள் காற்றுக்குமிழ் நடுவுக்கு வராமல் இரண்டு பக்கமும் ஓடுகிறது. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் குமிழையே பார்க்கிறார்கள். நீங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் மழையில் நனைய வைத்த காட்சியைவிட இது நெருக்கமானது. அத்தோடு ஆவணியில் அப்படி மழை இங்கே எங்கே பெய்கிறது!

கோடையும் அப்படித்தான். எங்கள் ஊரில் வெளிநாட்டுச் சனம் வந்து நிறைகிற காலம் ஆடி ஆவணி, நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்கள். சோளகக் காற்று வீசும், கோயிலைச் சுற்றி வீதி அடைத்திருக்கும், அவள் சைக்கிளை ஒழுங்கைகளால் சுற்றித்தான் வேலைக்கு வரவேண்டும். அவர் தேருக்கு வந்தவர், கையில் திரும்பிப் போகிற ரிக்கற் இருக்கிறது. அந்தத் திகதியை முதல் அத்தியாயத்திலேயே வாசகருக்குச் சொல்லிவிடுங்கள். கதை தானாக வேகம் பிடிக்கும்.

அவள் படிப்பு, சம்பளம் ஒன்றும் உங்கள் கதையில் இல்லை. மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலையில் சித்திரம் படித்தவளாக இருக்கலாம். தன் படங்களைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு மற்றவர்களின் படங்களுக்கு விலைச்சீட்டு எழுதுகிறவள். விற்ற படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டுவது கூடங்களின் வழக்கம். ஒருநாள் காலையில் வந்து பார்க்க, விற்பனைக்கே வைக்காத அவளுடைய சின்னப் படம் ஒன்று சுவரில், பக்கத்தில் ஒரு பொட்டு. ஒட்டியது ஆர் என்று அவள் கேட்க மாட்டாள். அங்கே ஒரு அத்தியாயம் இருக்கிறது, தங்கச்சி.

முடிவில் சேர்த்து வையுங்கள். இப்படியான நாவலைக் கையில் எடுப்பவர் அந்த நம்பிக்கையோடுதான் எடுக்கிறார், அவரை ஏமாற்றக்கூடாது. ஆனால் விமான நிலையத்தில் ஓடிவந்து கட்டிப்பிடிப்பதோடு விட்டுவிட வேண்டாம். ஆர் எந்த நாட்டில் இருப்பது, விசா கிடைக்கும்வரை என்ன செய்வது, கூடத்தின் வாடகையை ஆர் கட்டுவது என்று இரண்டு பேரும் முற்றத்துத் திண்ணையில் இருந்து கதைத்துத் தீர்க்கட்டும். அதை எழுதியபின் அண்ணாவிடம் திரும்பவும் வாசிக்கக் கொடுங்கள்.